நாற்பத்தொன்பது

லென்ஸின் நெற்றியில் 50 என்று இருந்தது.
உள்ளங்கையில் 50 என்றே எழுதிக்கொண்டு
ஆம்பூரில் பஸ் ஏறினேன்.
மாதனூர் தாண்டுவதற்குள் வியர்வையில்
சுழியம் கரைந்து வெறும் ஐந்து.

வேலூரில் கடைக்காரர்
ஐம்பதில் ஃபில்டர் இல்லை என்றார்.
தீர்ந்துவிட்டதா என்றேன்.
நான் பார்த்ததே இல்லை என்றார்.
பக்கத்து நம்பர் ஐம்பத்திரண்டு, தரட்டுமா?

ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஐந்துக்கு ஆறு வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து
பள்ளிக்கூடம் முடித்த கால் என்னுடையது.
தாருங்கள் என்றேன்.

ராத்திரி அது லென்ஸின்மேல்
சும்மா உட்கார்ந்தது. மரை பிடிக்கவில்லை.
கேமராவைக் குனியவைத்ததும்
மேஜையில் உருண்டு
பசை டப்பாவின் அருகில் போய்ப் படுத்துக்கொண்டது.

50 வாயின் அளவு இல்லையாம்.
பார்வை எவ்வளவு தூரத்தில் குவியும் என்கிற கணக்காம்.
வாயின் அளவு
மூடியின் உட்புறத்தில் இருந்தது,
குறுக்கே கோடு கிழித்த ஒரு சுழியத்தை அடுத்து
எறும்புக்கால் எழுத்தில்:
49.
இரண்டு வருடமாகத் தினமும் கழற்றி
சுடிதார் பையில் போட்டு
சாவியோடும் சில்லறையோடும் உரசவிட்ட மூடி.
ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை கையில் எதுவும் எழுதவில்லை.
மூடியையே கொண்டுபோனேன்.
பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று
முதலிலேயே சொல்லிவிட்டு
வேற லென்ஸ் வெச்சிருக்கீங்களா என்று கேட்டார்.
இருக்கிறது, அதன் வாய் 58.
'அப்போ பெருசுக்கு வாங்குங்க,
சின்னதுக்கு ஒரு வளையம் போதும்.
சின்ன ஃபில்டரைப் பெரிய லென்ஸ்ல மாட்டினா
படத்துல நாலு மூலையும் இருட்டிக்கும்.'
விரல் நெரிகிற ஷூ மாதிரியா என்றேன்.
அவர் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.
பில் எழுதினார்.

எல்லாம் எதற்கு என்றால்
கறுப்பு பேட்டண்ட் லெதர் ஷூவைப் படமெடுத்தால்
அதன் மூக்கின்மேல் எப்போதும்
ஒரு ட்யூப்லைட் படுத்திருக்கும்.
ஸ்டூலை நகர்த்தி, சார்ட் பேப்பர் கட்டி,
ஜன்னலுக்குப் போர்வை போட்டும் போகவில்லை.
'விளக்கு அழகாக இருக்கிறது, தோல் எங்கே?' என்று
ஜெர்மனியிலிருந்து கேட்டிருந்தார்கள்.

திங்கள் காலை, சாம்பிள் ரூம்.
வளையத்தை முதலில் எதிர்ப்பக்கம் திருகினேன்.
மரையும் மரையும் சந்திக்கும் இடத்தில்
ஒரு சின்னச் சொடக்கு.
பிறகு நேராக.
கூஜா மூடி மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறி
நின்றது.

முன்கண்ணாடியை மெல்லச் சுற்றினேன்.
ட்யூப்லைட் மெலிந்தது,
நூலானது,
இல்லை.
அது படுத்திருந்த இடத்தில் தோல்,
முதல்முறையாக, கறுப்பாக.
அந்தக் கறுப்பில்
கட்டைவிரல் வரும் இடத்துக்குச் சற்று மேலே
தலைமுடி நீளத்துக்கு ஒரு கீறல்.

இன்னொரு ஷூவை வைத்தேன்.
அதே இடம். அதே நீளம்.
மூன்றாவதை வைக்குமுன்
முனிரத்தினம் எழுந்து வந்துவிட்டார்.
செக்கிங்கில் பதினாறு வருஷம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்குள் மூக்கை நுழைத்தார்.
'இன்னா மேடம் இது, நேத்து இல்லியே.'

நேற்றும் இருந்தது.
கீழே அட்டைப்பெட்டிகளில்
ஆயிரத்து இருநூற்று நாற்பது ஜோடியிலும்
இருக்கிறதோ என்னவோ.
வியாழக்கிழமை கன்டெய்னர்.

ஐம்பத்திரண்டு இப்போது பசை டப்பாவுக்கு மூடி.
ஈ விழுவதில்லை.

'அந்த வளையத்தைக் கொஞ்சம் திருப்பனா
பழையபடி பளபளன்னு ஆயிடுமா?'
ஆகும்.
கால் சுற்று போதும்.
என் விரல் அதன்மேல்தான் இருக்கிறது.
முனிரத்தினம் விரலைப் பார்க்கிறார்,
திரையைப் பார்க்கவில்லை.